தாயம் விழாதவர்கள்

ரொறன்ரோவில் வசிக்கும் என் தங்கையின் பேரனுக்கு வயது 15. மாதம் ஒருமுறையாவது என்னோடு பேசுவான். நலம் விசாரிப்பு இரண்டு நிமிடங்களில் முடிந்துவிடும். அதன்பின் ஏதாவது ஒரு வழக்கைக் கொண்டுவந்து என்முன் வைப்பான். நாற்பது ஆண்டுகள் பத்திரிகையில் இருந்தவர் எல்லாவற்றுக்கும் தீர்ப்புச் சொல்லக்கூடியவர் என்று யாரோ அவனுக்குச் சொல்லி வைத்திருக்கிறார்கள்.

அண்மையில் அவன் கொண்டுவந்த வழக்கு ஒரு விளையாட்டைப் பற்றியது. நண்பர்கள் ஐந்தாறு பேர் மேசையைச் சுற்றி அமர்கிறார்கள். ஒருவர் கதையை நடத்துகிறார். மற்றவர்கள் ஆளுக்கொரு வேடம் ஏற்கிறார்கள்: ஒருவன் வீரன், ஒருவன் திருடன், ஒருத்தி மந்திரவாதி. பூட்டை உடைக்கவோ மதிலில் ஏறவோ வேண்டுமென்றால் இருபது முகம் கொண்ட பகடையை உருட்டி, வேடத்தின் திறனுக்குரிய எண்ணை அதனோடு கூட்டி, குறித்த இலக்கைத் தொட்டால் வெற்றி. இவனுடைய வேடம் மதில் ஏறுவதில் சூரன். ஆனால் ஆளுயரச் சுவரொன்றில் ஏறும்போது பகடையில் 1 விழுந்துவிட்டது. "ஒன்று விழுந்தால் விழுந்ததுதான், நீ கீழே" என்று கதை நடத்தியவன் தீர்த்துவிட்டான்.

"தாத்தா, எனக்குத்தான் ஏறத் தெரியுமே! பிறகு ஏன் நான் உருட்டவேண்டும்?" என்று கேட்டான் பையன்.

இந்தக் கேள்வி என்னை இரண்டு நாட்கள் விடவில்லை. அதற்குக் காரணம் அந்த விளையாட்டு அல்ல. அதைப் பிறகு சொல்கிறேன்.

*

முதலில் அவன் வழக்கு. விதிநூல்களை வரவழைத்துப் படித்தேன். டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற அந்த விளையாட்டை அமெரிக்காவில் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் 1974-இல் வெளியிட்டார்கள். அதன் வேர் போர்ப் பயிற்சி விளையாட்டுகளில் இருக்கிறது. பிரஷ்ய இராணுவத்துக்காக ரைஸ்விட்ஸ் என்ற இளம் அதிகாரி 1824-இல் செம்மைப்படுத்திய கிரீக்ஸ்பீல் என்ற ஆட்டத்தில் வரைபடமும் பகடையும் அட்டவணையும் இருந்தன. அரை நூற்றாண்டுக்குப் பின், 1876-இல், வெர்டி டு வெர்னுவா என்ற தளபதி அட்டவணைகளையும் பகடையையும் ஒதுக்கிவிட்டு, அனுபவம் மிக்க நடுவரே முடிவு சொல்லட்டும் என்றார். தெரிந்த விடயத்துக்குப் பகடை எதற்கு என்பதே அவர் வாதம். என் பேரன் கேட்டதும் ஏறத்தாழ அதைத்தான்.

2000-ஆம் ஆண்டில் வந்த மூன்றாம் பதிப்பு இதற்கு ஒழுங்கான பதில் சொல்கிறது. வாள்வீச்சில் 20 விழுந்தால் எப்போதும் வெற்றி, 1 விழுந்தால் எப்போதும் தோல்வி. ஆனால் மதில் ஏறுதல், பூட்டுத் திறத்தல் போன்ற திறன் சோதனைகளில் அந்த விதி இல்லை. திறனையும் கூட்டியபின் இலக்கைத் தொட்டாயா என்பது மட்டுமே கேள்வி. 1 விழுந்தும் இலக்கைத் தொடக்கூடியவன் உருட்டவே தேவையில்லை. அவசரமும் ஆபத்தும் இல்லாத நேரத்தில், பகடையில் 10 விழுந்ததாக வைத்துக்கொண்டு மேலே செல்லலாம். இன்னொன்றும் உண்டு. தோற்றால் ஒன்றும் குடிமுழுகிப் போகாது, நேரமும் வேண்டிய அளவு இருக்கிறது என்றால், 20 விழுந்ததாகவே கொள்ளலாம். அதற்கு இருபது மடங்கு நேரம் செலவாகும், அவ்வளவுதான். திரும்பத் திரும்ப முயன்றால் என்றாவது ஒருநாள் 20 விழத்தானே போகிறது! 2014-இல் வெளிவந்த ஐந்தாம் பதிப்பின் நடத்துநர் நூலோ, போதிய ஆற்றல் உள்ள வேடத்துக்கு எளிய காரியங்களில் தானாகவே வெற்றி என்ற விருப்ப விதியொன்றைத் தருகிறது.

எதிர்க்கட்சிக்கும் நியாயம் இருக்கிறது. ஸ்டீவ் ஜாக்சன் 1986-இல் வெளியிட்ட கர்ப்ஸ் என்ற ஆட்டத்தில் மூன்று பகடைகளை உருட்டுவார்கள். கூட்டுத்தொகை 3 அல்லது 4 வந்தால், எவ்வளவு கற்றுக்குட்டியாக இருந்தாலும் வெற்றி. 54-க்கு ஒன்று என்ற வாய்ப்பு அது. எளியவனுக்கும் ஒரு கதவு திறந்திருக்கட்டும் என்ற எண்ணம். ஆக, உறுதியான வெற்றி என்பதற்கு இரண்டு வகை உண்டு. வல்லவனை உருட்டச் சொல்லாதிருப்பது ஒன்று. வலியற்றவன் உருட்டும்போது ஒரு முகத்தையாவது அவனுக்கென்று ஒதுக்கி வைப்பது மற்றொன்று.

பையனுக்கு வெற்றித் தீர்ப்புச் சொல்லிவிட்டேன். வழக்கு அங்கே முடிந்தது. எனக்கு முடியவில்லை.

*

நான் பிறந்தது பதுளைக்கும் பசறைக்கும் இடையிலுள்ள ஒரு தேயிலைத் தோட்டத்தில். நமுனுகுல மலையின் நிழல் விழுகிற பக்கம். லயத்தின் வாசலில், சிமெந்து பூசிய இஸ்தோப்பில், யாரோ ஆணியால் கீறி வைத்த தாயக்கட்டம் ஒன்று இருந்தது. நான் பிறப்பதற்கு முன்பே அது இருந்ததாம். மழைக்காலத்தில் கொழுந்து குறைந்து அரைநாள் வேலையோடு பெண்கள் திரும்பும் நாட்களில் அந்தக் கட்டத்தைச் சுற்றிக் கூட்டம் கூடும். சித்திரை வருடப்பிறப்புக் காலத்தில் அடிவாரத்துச் சிங்களக் கிராமத்தவர் சோழிகளைக் குலுக்கிப் பஞ்ச ஆடுவார்கள். மேலே நாங்கள் தாயம்.

பித்தளைத் தாயக்கட்டை எங்களிடம் இல்லை. அது கங்காணி வீட்டுச் சொத்து. எங்களுக்குப் புளியங்கொட்டைதான். நான்கு கொட்டைகளை எடுத்து, ஒரு பக்கத்தை மட்டும் கருங்கல்லில் தேய்த்து வெள்ளையாக்கினால் ஆட்டத்துக்குத் தயார். ஒரேயொரு கொட்டை வெள்ளை காட்டி விழுந்தால் தாயம். தாயம் விழும்வரை உங்கள் காய் கட்டத்துக்குள் இறங்க முடியாது. மற்றவர்கள் சுற்றி வருவார்கள், வெட்டுவார்கள், மலை என்று நாங்கள் சொல்லும் குறுக்குக் கோடிட்ட கட்டத்தில் பத்திரமாக ஏறி நிற்பார்கள், பழம் எடுப்பார்கள். நீங்கள் வெளியே உட்கார்ந்து உருட்டிக்கொண்டேயிருக்கவேண்டும்.

வாசகர்கள் பொறுத்தருள வேண்டும். இங்கே கொஞ்சம் கணக்குப் பார்க்கிறேன். பித்தளைக் கட்டைகள் இரண்டு. ஒவ்வொன்றிலும் 0, 1, 2, 3 என்று நான்கு முகங்கள். ஒன்றில் 1-உம் மற்றதில் 0-உம் விழுந்தால்தான் தாயம். 16 சேர்க்கைகளில் இரண்டே அப்படி அமையும். அதாவது 8-க்கு ஒன்று. பத்து முறை உருட்டியும் தாயம் காணாதவர்கள் நூற்றுக்கு 26 பேர் இருப்பார்கள். இருபது முறை உருட்டியும் காணாதவர்கள் ஏழு பேர். புளியங்கொட்டையோ தாராளம். இருபுறமும் சமமாக விழும் என்று கொண்டால் 4-க்கு ஒன்று. பத்து முறையில் தோற்பவர் நூற்றுக்கு ஆறு பேருக்கும் குறைவு. பணக்காரர் வீட்டுப் பகடையைவிட ஏழை வீட்டுக் கொட்டைக்கு இரக்கம் அதிகம் என்று சிறுவயதில் எனக்குத் தெரியாது.

எங்கள் அப்பாயிக்கு அந்த இரக்கமும் போதவில்லை. ஆட்டத்தில் ஆகச் சிறிய பிள்ளைக்கு மூன்று சுற்றுக்குள் தாயம் விழவில்லையென்றால், அவர் தானே ஒரு காயை எடுத்துக் கட்டத்தில் வைத்துவிடுவார். "புள்ள எவ்வளவு நேரந்தான் வாசல்ல நிக்கும்?" என்பார். பெரியவர்கள் முணுமுணுப்பார்கள். ஆனால் வைத்த காயை யாரும் எடுத்ததில்லை.

*

நான் பிறந்த ஆண்டு 1951. அதே ஆண்டில் என் தந்தை ஒரு விண்ணப்பம் போட்டார். பேரனின் கேள்வி என்னை அலைக்கழித்ததன் காரணம் இதுதான்.

பின்னணியைச் சுருக்கமாகச் சொல்கிறேன். டொனமூர் அரசியலமைப்பின் கீழ் 1931-இல் சர்வசன வாக்குரிமை வந்தபோதே, தோட்டத் தமிழர்களுக்கு மட்டும் வாசலில் ஒரு சோதனை வைக்கப்பட்டது. நிரந்தர வதிவிடத்தை நிரூபிக்கவேண்டும். அல்லது எழுத்தறிவும் சொத்தோ வருமானமோ காட்டவேண்டும். அல்லது ஐந்தாண்டு வாசத்தைக் கூறி நிரந்தரக் குடியேற்றச் சான்றிதழ் பெறவேண்டும். அப்படியிருந்தும் 1947 பொதுத்தேர்தலில் இலங்கை இந்தியன் காங்கிரஸ் ஏழு ஆசனங்களை வென்றது. பதுளையிலிருந்து எஸ். எம். சுப்பையா நாடாளுமன்றம் சென்றார்.

அடுத்த ஆண்டே, 1948-இன் 18-ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம். இலங்கையில் பிறந்தது மட்டும் போதாது. தந்தையும் இங்கே பிறந்திருக்கவேண்டும், அல்லது தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் பிறந்திருக்கவேண்டும். இந்தச் சட்டத்தைப் பற்றி எழுதியவர்கள் எத்தனையோ பேர். நான் ஒரு சிறு விடயத்தை மட்டும் தொடுகிறேன். அடிவாரக் கிராமத்தில் பஞ்ச ஆடிய முதியவரிடமும் தகப்பனாரின் பிறப்புச் சான்றிதழ் இருந்திராது. பாட்டனாருடையது நிச்சயமாக இருந்திராது. ஆனால் அவரிடம் யாரும் கேட்கவில்லை. அவர் உருட்டாமலே உள்ளே இருந்தார். சட்டத்தின் வாசகம் எல்லோருக்கும் ஒன்றுதான். பகடையை யார் கையில் திணிப்பது என்பதில்தான் வேறுபாடு. அவர்மீது எனக்குக் குறையில்லை. அவர் அந்த மண்ணின் மனிதர், அவரை உருட்டச் சொல்வது அபத்தம். அதே அபத்தம் பக்கத்து மேட்டில் மூன்று தலைமுறையாகக் கொழுந்து பறித்தவருக்கு ஏன் சட்டமாயிற்று என்பதே கேள்வி.

1949-இல் 3-ஆம் இலக்கச் சட்டம் வந்தது. இந்திய பாகிஸ்தானிய வதிவாளர் பிரசாவுரிமைச் சட்டம் என்று பெயர். 1946 ஜனவரி 1-க்கு முன் மணமானவர் ஏழு ஆண்டும் மணமாகாதவர் பத்து ஆண்டும் இடையறாது வசித்திருக்கவேண்டும். விண்ணப்பிக்க இரண்டே ஆண்டு அவகாசம், 1951 ஆகஸ்ட் 5 வரை. அதே ஆண்டின் 48-ஆம் இலக்கத் தேர்தல் திருத்தச் சட்டம், பிரசையல்லாதவர்களின் பெயர்களை வாக்காளர் இடாப்பிலிருந்து நீக்கியது. இதை எதிர்த்துக் கோடாக்கன் பிள்ளை தொடுத்த வழக்கு இலண்டன் பிரிவி கவுன்சில்வரை சென்று 1953-இல் தோற்றது. 1952 தேர்தலில் எங்கள் மக்களின் பிரதிநிதியாக ஒருவரும் நாடாளுமன்றம் செல்லவில்லை.

காங்கிரஸ் தலைமை தொடக்கத்தில் இச்சட்டத்தைப் புறக்கணிக்கச் சொன்னது. பின்னர் மனம் மாறி, கடைசி மாதங்களில் எல்லோரும் விண்ணப்பியுங்கள் என்றது. புறக்கணித்தது தவறு என்றே இன்றும் நினைக்கிறேன். உருட்டுவதற்கு ஒரே ஒரு தடவைதான் என்று ஆனபின், அந்த ஒரு தடவையையும் தாமதிப்பது புத்திசாலித்தனமல்ல. ஆனால் அன்றைய தலைவர்களின் கோபம் எனக்குப் புரிகிறது. உருட்டச் சொல்வதே அவமானம் என்று அவர்கள் கருதினார்கள்.

என் தந்தையின் விசாரணை சில ஆண்டுகள் கழித்து வந்தது. அப்பாயியும் உடன் சென்றார். செக்ரோல் பதிவு இருந்தது, பழைய கங்காணியின் துண்டும் இருந்தது. ஆனால் 1930-களின் கடைசியில் அப்பாயி தன் தாயின் சாவுக்காக, மகனையும் கூட்டிக்கொண்டு, திருச்சிப் பக்கத்து ஊருக்குப் போய்வந்திருந்தார். போனது எப்போது, திரும்பியது எப்போது என்று அதிகாரி ஒருவர் கேட்டார். "பெரிய மழ பேஞ்ச வருசம்" என்றார் அப்பாயி. அவருக்குத் தெரிந்த நாட்காட்டி அதுதான். சில மாதங்கள் கழித்து, இடையறாத வதிவிடம் நிரூபிக்கப்படவில்லை என்று ஒரு கடிதம் வந்தது. ஆங்கிலத்தில் இருந்த அக்கடிதத்தைத் தோட்டத்துக் கணக்கப்பிள்ளைதான் வாசித்துச் சொன்னார்.

இருபது விழுந்ததாகக் கொள்ளலாம் என்ற விதியை நினைத்துப் பாருங்கள். தோல்விக்குத் தண்டனை இல்லாதபோதுதான் அது செல்லும். இங்கே தோல்விக்குத் தண்டனை, நாடற்றவர் என்ற பட்டம். மறுபடி உருட்ட வழியில்லை. எட்டு இலட்சத்துக்கும் மேற்பட்டோருக்காக விண்ணப்பங்கள் போடப்பட்டன. ஏறக்குறைய 1,34,000 பேருக்கே பிரசாவுரிமை கிடைத்தது. ஆறு பேருக்கு ஒருவர். கங்காணி வீட்டுப் பித்தளைக் கட்டைக்கும் எங்கள் புளியங்கொட்டைக்கும் நடுவில் எங்கோ அது நிற்கிறது. ஆனால் ஒப்பீட்டை இதற்குமேல் நீட்டக்கூடாது. கட்டைக்கும் கொட்டைக்கும் உருட்டுபவன் யாரென்று தெரியாது.

*

அதன் பிறகு நடந்தவற்றை வாசகர்கள் அறிவார்கள். 1964 அக்டோபர் 30-இல் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம். 9,75,000 பேரில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு. எஞ்சிய 1,50,000 பேரை 1974-இல் சிறிமாவும் இந்திரா காந்தியும் பாதிக்குப் பாதி பங்கிட்டுக்கொண்டார்கள். சம்பந்தப்பட்டவர்களிடம் ஒரு வார்த்தை கேட்கப்படவில்லை. தந்தைக்கு இம்முறை இலங்கைப் பக்கம் விழுந்தது, அவரோடு எனக்கும். சித்தப்பாவுக்கு இந்தியப் பக்கம். மலையகத்துப் புகையிரத நிலையங்களிலிருந்து தலைமன்னாருக்குப் புறப்பட்ட வண்டிகளுக்கு ஒப்பாரிக் கோச்சி என்று பெயர் வந்த காலம் அது. பதுளை நிலையத்தில் சித்தப்பா ஏறினார். தெமோதரை வளையத்தைச் சுற்றி, ஒன்பது வளைவுப் பாலத்தைக் கடந்து போகிற வண்டி. உல்லாசப் பயணிகள் இன்று படமெடுக்கிற பாதைதான். அப்பாயி அவருடைய பெட்டியில் ஒரு துணி முடிச்சை வைத்தார். அவல் என்று நினைத்தேன். நான்கு புளியங்கொட்டைகளும் அதற்குள் இருந்ததாகச் சித்தப்பா பின்னர் கடிதத்தில் எழுதினார்.

1988-இன் 39-ஆம் இலக்கச் சட்டம், இந்தியாவுக்கு விண்ணப்பிக்காதவர்களுக்குச் சத்தியக்கடதாசியின் பேரில் கதவைத் திறந்தது. பிறகு 2003-இன் 35-ஆம் இலக்கச் சட்டம். 1964 அக்டோபர் 30 முதல் இலங்கையில் நிரந்தரமாக வசிக்கும் இந்திய வம்சாவளியினரும், இங்கேயே வசிக்கும் அவர்களின் சந்ததியினரும், சட்டம் நடைமுறைக்கு வந்த நாளிலிருந்து பிரசைகள். உருட்டவேண்டாம். இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருந்தவர்கள் மட்டும் ஒரு பிரகடனம் கொடுக்கவேண்டும். நாடாளுமன்றம் 2003 அக்டோபரில் அதை ஏகமனதாக நிறைவேற்றியது. ஐக்கிய நாடுகளின் அகதிகள் உயர் ஸ்தானிகராலயமும் தொழிற்சங்கத்தினரும் சேர்ந்து தோட்டம் தோட்டமாக முகாம் நடத்தினார்கள். பத்தே நாட்களில் ஏறத்தாழ 1,90,000 பேர் பிரசாவுரிமை பெற்றார்கள். பழைய சட்டத்தின் கீழ் வருடக்கணக்கில் விசாரித்துப் பதிந்தவர்களைவிட இந்தத் தொகை அதிகம். அவ்வளவு எளிதாக முடியக்கூடிய காரியத்துக்கு 55 ஆண்டுகள் எடுத்திருக்கின்றன.

அந்த நாட்களில் நான் பண்டாரவளைக்கு அப்பாலுள்ள ஒரு தோட்டத்துக்குச் செய்தி சேகரிக்கப் போயிருந்தேன். பிரட்டுக்களத்தில் மேசை போட்டிருந்தார்கள். ஒரு மூதாட்டி மஞ்சள் பையிலிருந்து கடதாசிகளை ஒவ்வொன்றாக எடுத்து மேசையில் பரப்பினார்: பழைய கூப்பன் புத்தகம், ஞானஸ்நானச் சீட்டு, மடித்து மடித்துக் கிழிந்த ஒரு கடிதம். மேசையில் இருந்த பெண் பெயரைக் கேட்டு எழுதிக்கொண்டு, கையெழுத்து வைக்க இடத்தைக் காட்டினார். மூதாட்டி நகரவில்லை. "இதையெல்லாம் பாக்கலயே தாயி?" என்றார். "வேணாம் அம்மாயி, பத்திரமா வச்சுக்குங்க" என்றார் அந்தப் பெண். மூதாட்டியின் முகத்தில் மகிழ்ச்சியைவிட ஏமாற்றமே தெரிந்தது. ஆயுள் முழுவதும் காத்து வைத்த சாட்சிகளை எவரும் விசாரிக்கவில்லை! அந்தக் காட்சியை அன்றைய செய்தியில் நான் எழுதவில்லை. எண்ணிக்கையும் அமைச்சரின் உரையும் இடத்தை அடைத்துக்கொண்டன.

தானாகக் கிடைக்கும் வெற்றியிலும் ஓர் இடைவெளி உண்டு. சட்டம் பிரசை என்றாலும், அடையாள அட்டைக்குப் பிறப்புச் சான்றிதழ் வேண்டும். தோட்டப் பதிவேட்டில் பெயர் ஒருவிதமாகவும் பாடசாலையில் வேறுவிதமாகவும் எழுதப்பட்டவர்கள் அதற்காக அலைந்ததை நான் பார்த்திருக்கிறேன். 2003-க்கு முன்பே கப்பலேறியவர்களின் கணக்கு வேறு. சித்தப்பா நீலகிரியில் இறந்தார். அங்கேயும் அவர் தேயிலைதான் பறித்தார்.

*

தீர்ப்பு அறிவித்த ஒரு வாரத்தில் பேரன் மீண்டும் அழைத்தான். கதை நடத்தும் நண்பன் விதிநூலைப் பார்த்து ஒப்புக்கொண்டானாம், சுவரில் ஏறியாயிற்று. பிறகு, தாயத்திலும் உருட்டாமல் உள்ளே போகிற விதி இருக்கிறதா என்று கேட்டான். விதிநூல் ஏதும் கிடையாது, ஆனால் பதுளைப் பக்கத்து லயமொன்றில் இருந்தது என்று சொல்லி, மூன்று சுற்றுக் கதையைச் சொன்னேன்.

"அப்போ, ஆகச் சின்னப் பிள்ளைக்கு மட்டுந்தானா தாத்தா?"

எனக்குத் தெரிந்து அப்பாயி அந்த விதியை ஒருமுறைதான் பெரியவர் ஒருவருக்குச் செய்தார். ஆங்கிலக் கடிதம் வந்த அன்று மாலை அப்பா வந்து கட்டத்தின் பக்கத்தில் உட்கார்ந்தார். வழக்கமாக ஆடாதவர். கொட்டையைக் கையில் எடுக்கவுமில்லை. அப்பாயி ஒன்றும் பேசாமல் ஒரு காயை எடுத்து உள்ளே வைத்தார்.